மறைநூலை அறியத்தக்கார் யார்?

ஒரு சமயத்தின் மறைநூலை அச்சமயத்தைச் சாராத ஒருவர் உணர்ந்துகொள்ள இயலுமா? இயலும் என்றால், நம்பிக்கை என்பது எதற்கு? இயலாது என்றால், நம்பிக்கை உடையோர் அனைவரும் அந்நூலுக்கு ஒரே பொருளை அல்லவா கூற வேண்டும்? அவர்கள் தம்முள்ளேயே வேறுபட்டு நிற்பது ஏன்? கிறித்தவ மறைநூலாகிய விவிலியத்தைப் பற்றி இவ்வினாக்கள் பல நூற்றாண்டுகளாக எழுந்து வந்துள்ளன. இவை உரோமாபுரியிலும் செருமானிய நாட்டிலும் மட்டும் பேசப்பட்டவை அல்ல. நாம் வாழும் சித்தூரும் திருப்பதியும் இவ்வினாக்களின் வரலாற்றில் இடம் பெற்ற ஊர்களே. அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விவிலியமே இவ்வினாவை எழுப்புகிறது. திருத்தூதர் பணிகள் என்னும் நூலின் 8ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய அரசியின் நிதி அமைச்சர் ஒருவர் தேரில் அமர்ந்து ஏசாயா இறைவாக்கினரின் ஏட்டைப் படித்துக்கொண்டு செல்கிறார். படிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு அவரைக் கேட்கிறார். வழிகாட்டுவார் இல்லாமல் எப்படி விளங்கும் என்று அமைச்சர் திருப்பிக் கேட்கிறார். புனித பவுலோ கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 2ஆம் அதிகாரத்தில், ஆவியாரின் அருளைப் பெறாத மனிதருக்கு ஆவிக்குரியவை மடமையாகவே தோன்றும் என்று கூறுகிறார். முன்னையது ஆசிரியரின் தேவையைச் சொல்கிறது. பின்னையது அருளின் தேவையைச் சொல்கிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

இரு நகரங்கள், இரு சபைகள்

1853ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சீர்திருத்த டச்சுச் சபையினர் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். இலங்கையிலும் சென்னையிலும் பணியாற்றிய மருத்துவர் ஜான் ஸ்கடரின் புதல்வர் மூவர் அதற்கு அடித்தளம் இட்டனர். வேலூர், ஆரணி ஆகியவற்றோடு சித்தூரும் அம்மிஷனின் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று. அந்நாளில் சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். தனிச் சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உருவாயிற்று.

திருப்பதிக்கு வந்தவர்கள் வேறு சபையினர். செருமானிய நாட்டின் எர்மன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் 1849இல் தோன்றிய லுத்தரன் மிஷன், 1865இல் தெலுங்கு நாட்டில் பணி தொடங்கிப் பின்னர்த் திருப்பதியில் உயர்நிலைப் பள்ளியும் நடத்தியது. இன்று திருப்பதியைத் தலைமை இடமாகக் கொண்டுள்ள தென்னாந்திர லுத்தரன் திருச்சபை அம்மிஷனின் வழித்தோன்றலே ஆகும்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சற்றேறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவே உண்டு. ஆயினும் இவ்விரு நகரங்களின் கிறித்தவ சபைகளுக்கு இடையே நின்ற கோடு, 1529ஆம் ஆண்டில் செருமானிய நாட்டின் மார்பர்க் கோட்டையில் வரையப்பட்ட கோடாகும்.

அந்த ஆண்டு அக்டோபர்த் திங்களில் மார்ட்டின் லுத்தரும் சுவிட்சர்லாந்தின் சுவிங்கிலியும் மார்பர்க்கில் கூடினர். இருவரும் விவிலியம் ஒன்றே போதிய அதிகாரம் என்று நம்பியவர்கள். 15 கூறுகளில் 14இல் உடன்பட்டனர். எஞ்சிய ஒன்றில் முரண்பட்டனர். இயேசு தம் இறுதி விருந்தில் அப்பத்தை எடுத்து, அதைத் தம் உடல் என்று கூறினார். அவ்வாறு கூறியது உண்மைப் பொருளிலா, அடையாளப் பொருளிலா என்பதே வழக்கு. இலத்தீனத்தில் ‘ஆகும்’ என்னும் பொருள்படும் ஒரு சிறு வினைச்சொல்லை லுத்தர் உள்ளபடியே கொள்ள வேண்டும் என்றார். அதற்குக் ‘குறிக்கும்’ என்பதே பொருள் என்றார் சுவிங்கிலி. பின்னர் வந்த கால்வின் இடைப்பட்ட ஒரு விளக்கம் தந்தார். ஆர்க்காட்டு மிஷனின் தாய்ச்சபை கால்வினின் வழிவந்தது.

ஈண்டுத் தமிழர் எண்ணி வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இரு பெயர்ச்சொற்களை அடுத்தடுத்து வைத்தாலே தமிழில் வாக்கியம் முடிந்துவிடும். நடுவே ‘ஆகும்’ என்று ஒரு வினை வேண்டுவதில்லை. இயேசு பேசிய அரமேய மொழியும் இவ்வகையில் தமிழைப் போன்றதே. எனவே, எந்த வினைச்சொல்லைப் பற்றி ஐரோப்பா பிளவுண்டதோ, அச்சொல் மூலப் பேச்சில் இருந்திருக்கத் தேவையில்லை! ஐரோப்பிய மொழிகளின் இலக்கணத்தை ஒட்டிப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘ஆயிருக்கிறது’ என்னும் சொல்லை அவ்விடத்தில் சேர்த்துக்கொண்டது. நம்பிக்கையாளர் வேறுபடுவதற்கு மொழியே ஒரு பெருங்காரணம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

மொழி மட்டுமன்று. மறைநூலின் எல்லை எது என்பதிலும் வேறுபாடு உண்டு. சீர்திருத்த சபையார் 66 நூல்களையும், கத்தோலிக்கர் 73 நூல்களையும் ஏற்பர். நூல் தானே தன்னை விளக்கும் என்பது லுத்தரின் கொள்கை. திருச்சபையின் மரபோடு சேர்த்தே நூலைப் படிக்க வேண்டும் என்பது கத்தோலிக்கக் கொள்கை. இவ்வழக்கு அழகிய தமிழ் உரைநடையிலும் நடந்தது. வீரமாமுனிவர் ‘வேதவிளக்கம்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகிய நூல்களை எழுதியது தரங்கம்பாடி லுத்தரன் குருமார்களை மறுப்பதற்கே. ஒரே இயேசுவை வணங்கிய இரு சாரார் தமிழ் மண்ணில் தமிழிலேயே மோதிக்கொண்டனர்.

மூன்று கல்விக்கூடங்களில் ஒரு மாணவர்

1896ஆம் ஆண்டில் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் திருத்தணியைச் சேர்ந்த தெலுங்கு அந்தணச் சிறுவர் ஒருவர் சேர்ந்தார். 1900 வரை அங்குக் கல்வி பயின்றார். பின்னர் 1904 வரை வேலூரில் ஆர்க்காட்டு மிஷனின் ஊரிஸ் கல்லூரியில் பயின்றார். அதன்பின் சுகாத்துலாந்துச் சபையார் வளர்த்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து தத்துவம் கற்றார். அவரே பிற்காலத்தில் 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய சர்வபள்ளி இராதாகிருட்டிணன்.

லுத்தரன் பள்ளி, டச்சுச் சீர்திருத்த சபையின் கல்லூரி, சுகாத்துலாந்துச் சபையின் கல்லூரி என்று, ஒரே விவிலியத்தை மூன்று சபைகளின் நிழலில் அவர் கண்டார். சபையைச் சார்ந்த மாணவர்க்கு எளிதில் கிட்டாத வாய்ப்பு இது. அவரவர் தத்தம் சபையின் விளக்கத்தையே கேட்பர். புறத்தே நின்ற இம்மாணவர் மூன்றையும் கேட்டார்.

அக்கல்விக்கூடங்களில் இந்து சமயம் கடுமையாக விமரிசிக்கப்பட்டது. அந்த விமரிசனமே தம்மைத் தம் முன்னோரின் சமயத்தை ஆழ்ந்து கற்குமாறு தூண்டியது என்று இராதாகிருட்டிணன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். 1908இல் வெளிவந்த அவருடைய முதல் நூல், வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டிற்கு விடையாக அமைந்த ஆய்வேடே. அதனைப் பாராட்டியவர் அவருடைய கிறித்தவ ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மாற்றுச் சமயத்து மாணவர் தம் சமயத்தைக் காத்து எழுதியதை மனமுவந்து போற்றிய அவ்வாசிரியரின் நேர்மை பெரிது.

இராதாகிருட்டிணன் 1936 முதல் 1952 வரை ஆக்சுபோர்டில் கீழைச் சமயங்களின் பேராசிரியராக இருந்தார். 1939இல் வெளியிட்ட ‘கீழைச் சமயங்களும் மேலைச் சிந்தனையும்’ என்னும் நூலில் நற்செய்தி நூல்களைத் தம் நோக்கில் விளக்கினார். இயேசுவை அகவுணர்வில் இறையைக் கண்ட ஞானியாகவும், இறையாட்சியை உள்ளத்தின் மாற்றமாகவும் அவர் கண்டார். இவர் விவிலியத்தைப் படிக்கவில்லை, விவிலியத்திற்குள் வேதாந்தத்தைப் படித்தார் என்று சில கிறித்தவ அறிஞர் மறுத்தனர். சிலுவைச் சாவும் உயிர்ப்பும் வரலாற்று நிகழ்ச்சிகள். அவற்றை உள்ளத்து உணர்வாக மட்டும் சுருக்க இயலாது என்பது அவர்தம் வாதம்.

இவ்வழக்கின் நடுவே நிற்பது லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்திலுள்ள ஒரு கிரேக்க முன்னிடைச் சொல். இறையாட்சி எங்குள்ளது என்பதை அச்சொல் குறிக்கிறது. அதற்கு ‘உள்ளத்தின் உள்ளே’ என்றும் பொருள் கொள்ளலாம். ‘உங்கள் நடுவே’ என்றும் பொருள் கொள்ளலாம். விவேகானந்தர் முதலிய இந்து அறிஞர்கள் முன்னைய பொருளைப் பெரிதும் விரும்பினர். இக்கால விவிலிய ஆய்வாளர் பலர் பின்னையதையே ஏற்கின்றனர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ள ‘உங்களுக்குள்’ என்னும் சொல்லோ இரு பொருளுக்கும் இடம் தருகிறது. ஒருவர் நெஞ்சினுள் என்பதையும், பலர் கூடிய கூட்டத்தினுள் என்பதையும் தமிழர் அவ்வொரு சொல்லாலேயே சொல்லுவர். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும்.

தாம்பரத்து வழக்கு

1938ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் உலகக் கிறித்தவ மிஷன்களின் பேராளர்கள் தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தில் கூடினர். அம்மாநாட்டிற்கென டச்சு அறிஞர் என்றிக் கிரேமர் ஒரு பெருநூல் எழுதியிருந்தார். விவிலியம் காட்டும் இறைவெளிப்பாடு தனித்தன்மை உடையது. பிற சமயங்களின் வளர்ச்சியாகவோ நிறைவாகவோ அதைக் கருத இயலாது. விசுவாசத்தாலன்றி அதனை உணர இயலாது என்பது அவருடைய கருத்தின் சாரம்.

அவரை எதிர்த்தவர்கள் புறச்சமயத்தார் அல்லர், கிறித்தவர்களே. இராதாகிருட்டிணனின் ஆசிரியர் ஹாக், கிறித்தவர் அல்லாதாரிடத்தும் இறைவனோடு உண்மையான உறவு உண்டென்பதைத் தாம் கண்டறிந்ததாகக் கூறி வாதிட்டார். அதே ஆண்டில் சென்னையில் வெளிவந்த ‘இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்னும் கட்டுரைத் தொகுதியில் பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் கிரேமரை மறுத்து எழுதினர். இருவரும் வழக்கறிஞர்கள், இருவரும் சென்னை வட்டாரத்து இந்தியக் கிறித்தவர்கள். சக்கரை பின்னர்ச் சென்னை மாநகர மேயராகவும் இருந்தார். ‘இயேசு, அவதாரம்’ என்னும் பொருள்பட அவர் ஒரு நூலும் எழுதியிருந்தார். பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமியோ, யோவான் நற்செய்தியைப் பக்தி நெறியின் வெளிச்சத்தில் விளக்கினார்.

கிரேமரும் ஹாக்கும் சக்கரையும் அப்பாசாமியும் ஒரே நூலை மறைநூலாகக் கொண்டவர்கள். ஒரே ஆண்டவரை வணங்கியவர்கள். ஆயினும் வேறுபட்டனர். விசுவாசம் நூலின் பொருளைத் திறக்கும் திறவுகோல் என்பது உண்மையாயினும், அத்திறவுகோல் எல்லோர் கையிலும் ஒரே கதவைத் திறக்கவில்லை என்பது தாம்பரம் தரும் படிப்பினை.

இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வங்கத்தில் இவ்வழக்கு நடந்தது. இராசாராம் மோகன் ராய் 1820இல் இயேசுவின் அறவுரைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களையும் கொள்கைப் பகுதிகளையும் விட்டுவிட்டார். செராம்பூர் மிஷனைச் சார்ந்த மார்ஷ்மன் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ராய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, அடுத்தடுத்து மூன்று மறுப்புரைகள் எழுதினார். யோவான் நற்செய்தியை வங்கத்தில் பெயர்க்கும்போது ஒரு கிரேக்க முன்னிடைச் சொல்லைப் பற்றி எழுந்த விவாதத்தின் முடிவில், அவருடன் பணியாற்றிய வில்லியம் ஆடம் என்னும் பாப்டிஸ்டு மிஷனரியே திரித்துவக் கொள்கையைக் கைவிட்டார்! புறத்தே நின்றவரின் வாசிப்பு அகத்தே நின்றவரின் கொள்கையையும் அசைக்கும் என்பதை இது காட்டுகிறது.

நாவலரும் விவிலியமும்

நம்பாதவர் விவிலியத்தை உணர இயலாது என்னும் கருத்திற்குத் தமிழகமும் ஈழமும் தரும் மிகப் பெரிய விடை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். வெசுலியன் மிஷனைச் சார்ந்த பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக நின்று விவிலியத்தைத் தமிழில் பெயர்க்க அவர் உழைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. ஆண்டுக்கணக்காக விவிலியத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட நாவலர், இறுதிவரை திருநீறு அணிந்த சைவராகவே வாழ்ந்தார்.

1854இல் அவர் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ இப்பயிற்சியின் விளைவு. கோயில், பலிபீடம், தூபம், தீபம், நைவேத்தியம் முதலியவற்றைப் பழித்த மிஷனரிகளுக்கு, இவையெல்லாம் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் யூதரின் வழிபாட்டிலும் உள்ளனவே என்று அதிகாரம் காட்டி அவர் விடையிறுத்தார். நூலை நன்கு அறிந்தவரே இவ்வாறு எழுத இயலும். நாவலர் விவிலியத்தை உணரவில்லை என்று எவரும் கூற இயலாது. அதனை அவர் நம்பவில்லை; அவ்வளவே.

அவர் கைபட்ட மொழிபெயர்ப்பையும் எல்லாக் கிறித்தவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. தமிழ் லுத்தரன்மார் பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பையே பொன்னெனப் போற்றி வந்தனர். இறைவனை எச்சொல்லால் சுட்டுவது என்பதிலேயே உடன்பாடில்லை. கத்தோலிக்கர் சருவேசுரன் என்றனர். பப்ரிசியுசு பராபரன் என்றார். 1871இல் வெளிவந்த பவர் திருத்திய பதிப்பு தேவன் என்றது. தேவன் என்பது தேவர் பலருள் ஒருவரைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று சிலர் தடை கூறினர். 1995இல் கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில்தான் கடவுள் என்னும் தமிழ்ச்சொல் நிலைபெற்றது. தெலுங்கு விவிலியத்திற்கும் இத்தகைய திருத்தக் குழு அமைந்தது. பின்னாளில் சித்தூர் மாவட்டத்தோடு இணைக்கப்பட்ட மதனப்பள்ளியில் மருத்துவப் பணி புரிந்த சேம்பர்லின் பாதிரியார் அதற்குத் தலைமை தாங்கி 1873 முதல் 1894 வரை உழைத்தார்.

நம் மரபு கூறுவது

இவ்வினாவைத் திருப்பி நம்மையே கேட்டுக்கொள்வதும் முறை. சைவரல்லாத ஒருவர் திருவாசகத்தை உணர இயலுமா? 1900இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்த போப்பையரைச் சைவர்கள் நன்றியோடு நினைக்கின்றனர். அவர் கிறித்தவக் குருவாகவே வாழ்ந்து மறைந்தார். சமணரல்லாத ஒருவர் சமண காவியத்தை உணர இயலுமா? சைவ ஒழுக்கம் பூண்ட உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் அடக்கத்தோடு கேட்டுத் தெளிந்த பின்னரே அதனைச் செய்தார். எத்தியோப்பிய அமைச்சர் தேரில் வேண்டியதும் அத்தகைய வழிகாட்டியைத்தான். ஐயரவர்கள் சமணராகவில்லை, சிந்தாமணியோ உலகிற்குக் கிடைத்தது.

நம்பிக்கையாளர் வேறுபடுவதைக் கண்டு கிறித்தவரை எள்ளுவதற்கும் நமக்கு இடமில்லை. திருமலை அடிவாரத்தில் வாழும் நமக்கு வடகலை தென்கலை வேறுபாடு புதிதன்று. கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் எல்லா அறங்களையும் விட்டுத் தன்னையே சரணடையுமாறு கண்ணன் கூறும் ஒரு சுலோகம் உண்டு. சரணடைதல் என்னும் செயலை மனிதன் செய்ய வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் மரபு. அவ்வெண்ணத்தையும் விட்டு இறைவனின் அருளையே நம்பியிருக்க வேண்டும் என்பது பிள்ளை உலகாசிரியர் மரபு. முன்னையது தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி. பின்னையது தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக் குட்டி. ஒரே சுலோகம், ஒரே இறைவன், ஒரே இராமாநுசர் வழி. ஆயினும் இரு பொருள். மார்பர்க் கோட்டையில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மூவகை உணர்வு

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், ‘உணர்தல்’ என்னும் ஒரு சொல்லே மூன்று நிலைகளைக் குறிப்பது புலனாகும். சொற்பொருளை உணர்தல் முதல் நிலை. இதற்கு மொழியறிவும் உழைப்புமே வேண்டும், நம்பிக்கை வேண்டுவதில்லை. 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த ஏடுகளை யூதரும் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் எச்சமயமும் சாராதாரும் ஆய்ந்துள்ளனர். எழுத்தைப் படிப்பதில் அவர்தம் சமயம் குறுக்கிடத் தேவையில்லை. அந்நூல் அதனைப் போற்றும் மக்களுக்கு யாதாகிறது என்பதை உணர்தல் இரண்டாம் நிலை. இதற்குப் பணிவும் பரிவும் நல்ல வழிகாட்டியும் வேண்டும். உ. வே. சா. அடைந்தது இந்நிலை. அந்நூலின் குரலைத் தன்னை நோக்கிய அழைப்பாகக் கேட்டு, அதற்குத் தன் வாழ்வால் விடை கூறுதல் மூன்றாம் நிலை. பவுல் கூறியது இதனையே எனலாம். இதனைப் புறத்தார் பெற்றதாகக் கூறினால் அது பொய்யாகும். நம்பிக்கையாளர் இது தமக்கே உரியது என்றால் அதனை மறுக்கவும் நமக்கு உரிமையில்லை. லுத்தரும் 1525இல் எழுதிய நூலில், மறைநூலின் தெளிவைச் சொல்லளவில் நிற்கும் புறத்தெளிவு என்றும், அருளால் நெஞ்சில் பிறக்கும் அகத்தெளிவு என்றும் இரண்டாகப் பிரித்தே பேசினார்.

நம்பிக்கையாளர் வேறுபடுவது பெரும்பாலும் முதல் இரு நிலைகளில் ஆகும். மொழி, மொழிபெயர்ப்பு, நூல்களின் எண்ணிக்கை, மரபின் அதிகாரம், எந்தப் பகுதியைக் கொண்டு எந்தப் பகுதியை விளக்குவது என்னும் முறை ஆகியவை அதற்குக் காரணங்கள். அங்கே கல்வியும் கலந்துரையாடலும் பயன் தரும், தந்தும் உள்ளன. ஆர்க்காட்டு மிஷன் வழிவந்த சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. லுத்தரன் சபைகள் வெளியே நின்றன. ஆயினும் அடுத்த ஆண்டே இரு சாராரும் பேசத் தொடங்கி, திருவிருந்தைப் பற்றியும் ஒருமித்த அறிக்கைகள் வெளியிட்டனர். ஐரோப்பாவிலும் 1973இல் லுத்தரன் சபைகளும் சீர்திருத்த சபைகளும் ஓர் உடன்படிக்கை கண்டு, பழைய கண்டனங்களைக் கைவிட்டன. இதற்கு 444 ஆண்டுகள் ஆயின என்பது உண்மையே. ஆயினும் அது நிகழ்ந்தது.

முடிவுரை

எல்லைகள் மாறுவதை நாம் அறிவோம். இராதாகிருட்டிணன் பிறந்த திருத்தணி வட ஆர்க்காட்டில் இருந்தது. பின்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1960இல் தமிழகத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரின் சொல்லை நாள்தோறும் கற்றே வாழ்கின்றன. அம்மொழி தமக்குப் பிறப்பால் வந்ததன்று. ஆயினும் கற்றால் விளங்குகிறது. அண்டை வீட்டாரின் வேதமும் அத்தகையதே.

நம் பிள்ளைகள் கிறித்தவப் பள்ளிகளில் பயில்கின்றனர். கிறித்தவத் தமிழரின் பிள்ளைகள் திருமலையின் நிழலில் வளர்கின்றனர். ‘உனக்கு அது விளங்காது’ என்று ஒருவரை ஒருவர் தடுத்தால், எஞ்சுவது ஏளனமே. ‘எங்களைவிட உனக்கு நன்றாக விளங்கிவிட்டது’ என்று தலை நிமிர்ந்தால், அதுவும் பண்பன்று. பேர்சிவலுக்குச் சொல் தேடித் தந்த நாவலரும், மாணவரின் மறுப்பைப் பாராட்டிய ஹாக்கும், சமணர் வீட்டு வாயிலில் ஐயத்தோடு நின்ற சாமிநாதையரும் நமக்குக் காட்டும் வழி வேறு. அவர்களுள் எவரும் தம் சமயத்தை விடவில்லை. பிறர் நூலைப் பழித்துத் தள்ளவும் இல்லை. தெரியாததைத் தெரிந்தாரிடம் கேட்டனர். தெரிந்ததை நேர்மையோடு கூறினர். அவ்வழியில் நம் இல்லங்களிலும் பிறர் மறைநூல்கள் திறக்கப்படுமாக. வாழ்க தமிழ்!